14ஆம் நம்பர் மிதக்கும் ஃப்ளை: கண்ணுக்குப் பின்னால இடம் மிஞ்சுதில்ல, கழுத்திறகும் கழண்டு போகுது

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாப் பக்கம் ஓடைகள்ல ட்ரவுட் மீனுக்கு, அனுமதி எடுத்துக்கொண்டு, ஃப்ளை தூண்டில் போடுற யோசனை. செங்கலடியில ஏறினா பதுளை தாண்டி அதே ஏ5 வீதிதான், போறது பிரச்சினை இல்ல. ஃப்ளைதான், அதாவது நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டுற தூண்டில்தான், பிரச்சினை. மட்டக்களப்பில கடையில வாங்க ஏலாது, அதால கையால கட்டிப் பார்க்கிறன்.

இப்ப வைச்சிருக்கிறது: 14ஆம் நம்பர் மெல்லிய கம்பித் தூண்டில், கறுப்புத் தையல் நூல், உடம்புக்குத் தலையணை இலவம்பஞ்சு, சுற்றுறதுக்குக் கோழிக்கடையில எடுத்த கழுத்திறகு, தூண்டிலைப் பிடிச்சிருக்க மேசையில இறுக்குற சின்ன வைஸ் (பிடிகருவி) ஒண்டு.

வாற பிழைகள்:

தலையை முடிக்கிற நேரம் தூண்டில் கண் நூலால மூடிப்போகுது. நரம்பு கோர்க்க ஊசியால குத்தித் துளைக்க வேண்டியிருக்கு.

கழுத்திறகு நாலு சுற்றுச் சுற்றினதும் தண்டு நூலுக்குள்ளால வழுக்கிக் கழருது.

கட்டி முடிச்சதைக் கோப்பைத் தண்ணியில விட்டா ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. ரெண்டு மூண்டு நிமிசத்தில அமிழுது.

செட்டை வைக்கிற எண்ணம் இல்ல. மேஃப்ளை எண்டு சொல்ற ஒருநாள் பூச்சியின்ட பொதுவான உருவம் வந்தாக் காணும். எங்க பிழைக்குது?

---

கைத்தறி (மருதமுனை):

மூண்டு பிழையும் மூண்டில்ல தம்பி, ரெண்டுதான். நூல் தடிப்பு ஒண்டு, இறகு பிழை மற்றது.

முதல்ல நூல். தையல் மெஷின் நூல் ஏறத்தாழ 240 டெனியர். ஃப்ளை கட்டுற 8/0 நூல் 70 டெனியர். டெனியர் எண்டா 9,000 மீட்டர் நூலின்ட நிறை, கிராமில. நிறையில மூண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், தடிப்பில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 14ஆம் நம்பர் தூண்டிலின்ட தண்டு சுமார் 9 மில்லிமீட்டர்தான். அதில தலைக்கு மிஞ்சுறது ஒண்டரை மில்லிமீட்டர். தையல் நூலால பத்துச் சுற்றுச் சுற்றினா அந்த இடம் முடிஞ்சுது.

8/0 கிடைக்கல்லண்டா எம்பிராய்டரி மெஷினில கீழ்ச் சுருளுக்குப் போடுற நூலை எடுங்க, மெல்லிசா இரிக்கும். மருதமுனையில நெசவுக்காரரிட்ட மிச்சப் பட்டு நூல் கிடைச்சா இன்னும் நல்லம். ஆனா பட்டெண்டு தாறதெல்லாம் பட்டில்ல. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்க. மயிர் கருகின மணம் வந்தாப் பட்டு. கடதாசி எரிஞ்ச மணம் வந்தா ரேயன், அது நனைஞ்சா பலம் குறையும், கட்டுக்கு எடுக்காதீங்க. பட்டு நூலைத் தேன்மெழுகுக் கட்டியில ரெண்டு தரம் இழுத்துட்டுப் பாவியுங்க.

அடுத்தது, நூலைக் கண்ணோட ஒட்டித் தொடங்காதீங்க. கண்ணுக்குப் பின்னால கண்ணின்ட நீளம் அளவுக்குத் தண்டை வெறுமையா விட்டுட்டுத் தொடங்குங்க. அந்த இடத்தில பென்சிலால ஒரு கோடு போட்டாலும் பரவாயில்ல. 9 மில்லிமீட்டரை இப்படிப் பங்கிடுங்க: பின்னால உடம்புக்கு 5, கழுத்திறகுக்கு ரெண்டரை, தலைக்கும் வெறுந்தண்டுக்கும் சேர்த்து ஒண்டரை. எல்லாரும் உடம்பை முன்னுக்கு இழுத்துத்தான் கெடுக்கிறது. பஞ்சு சுற்றச் சுற்ற வடிவா வருதே எண்டு 7 மில்லிமீட்டர் வரை போயிடும். பிறகு இறகுக்கு இடமில்ல, இறகு தலைக்கு ஏறும், தலை கண்ணுக்கு ஏறும். நீங்க கண்ணில காணுற பிழை நடந்தது உடம்பிலதான்.

கட்டுற ஒழுங்கு: தூண்டிலின்ட எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கிட்டு வைஸில வளைவின்ட கீழ்ப்பக்கத்தைப் பிடியுங்க. கூர்முனையை வைஸ் வாய்க்குள்ள புதைச்சா முனை முறியும். நூலைச் சுற்றுக்குச் சுற்று ஒட்டி வளைவு தொடங்குற இடம் வரை கொண்டு போங்க. வாலுக்குச் சேவல் இறகின்ட விறைச்ச இழை 6 தொடக்கம் 8, நீளம் தண்டின்ட நீளம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில இழையைப் பிடிச்சு, நூலை அந்த இடுக்குக்குள்ளால மேல கொண்டுபோய், மற்றப் பக்கத்தால தளர்வா இறக்கி, பிறகுதான் நேர கீழ இழுக்கணும். நேரடியா இறுக்கினா நூல் இழையைத் தள்ளிக்கொண்டு தண்டின்ட அங்கால பக்கம் போயிடும். ஃப்ளை சரியிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பஞ்சைக் கொஞ்சமா எடுங்க. கொஞ்சமெண்டு நீங்க நினைக்கிறதில பாதி. மெழுகு பூசின நூலில 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே திசையில உருட்டுங்க, முன்னும் பின்னும் உருட்டினா அவிழும். உருட்டின நூல் தையல் நூலை விடக் கொஞ்சம் தடிப்பா இரிந்தாக் காணும்.

இலவம்பஞ்சு நல்ல தெரிவு. அந்த இழை உள்ளுக்குக் குழாய், வெளியில மெழுகு. அதாலதான் மிதக்குது. ஆனா தலையணையில இரிக்கிறது இலவந்தானா எண்டு பார்க்கணும். ஒரு சிட்டிகையைத் தண்ணியில போட்டு விரலால அமத்தி விடுங்க. இலவம் திரும்பி மேல வரும். பருத்தி உறிஞ்சிக்கொண்டு தாழும். இலவத்துக்கு ஒரு கெட்ட குணம், வழுக்கும், இழையும் குட்டை. முயல் ரோமம் கொஞ்சம் கிடைச்சா, மூண்டு பங்கு இலவத்துக்கு ஒரு பங்கு ரோமம் கலந்து விரலால பிச்சுப் பிச்சுச் சேர்த்தா நூலைப் பிடிக்கும்.

---

உன்னிச்சைக் கலிங்கு:

கைத்தறி நானா சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் முதல் ஃப்ளையா மிதக்கிறதைத் தொடங்கினதுதான் பிழையெண்டு சொல்லுவன். கழுத்திறகு சுற்றுறது இந்தக் கைவேலையில கஷ்டமான பகுதி. அது இல்லாமலே ட்ரவுட் பிடிக்கிற ஃப்ளை இருக்கு.

இங்கிலாந்தில ஏவன் நதிக் காவலரா இருந்த ஃபிராங்க் சோயர் கட்டின நிம்ஃபில (பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டி தண்ணிக்கடியில விடுற ஃப்ளை) நூலே இல்ல, கழுத்திறகும் இல்ல. மெல்லிய செப்புக் கம்பி, ஃபெசன்ட் வாலிறகு இழை, ரெண்டே பொருள். மேஃப்ளையின்ட குஞ்சு தண்ணிக்கடியில நீந்துற நேரம் காலை உடம்போட ஒட்டி வைச்சிருக்கும், அதால கால் காட்டத் தேவையில்ல எண்டது அவரின்ட கணக்கு. ட்ரவுட் தின்னுறதில பெரும்பங்கு தண்ணிக்கடியிலதான் நடக்குது, மேற்பரப்பில இல்ல.

ஃபெசன்டுக்கு இங்க வான்கோழி வாலிறகு போதும், மண்ணிற இழையா எடுக்கணும். காட்டுக்கோழியைத் தேடிப் போகாதீங்க, அது பாதுகாக்கப்பட்ட பறவை. கம்பிக்குப் பழுதான மேசை ஃபேன் மோட்டர்க் கொயிலை அவிழுங்க. 0.15 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருந்தா நல்லம். 0.2க்கு மேல போனா 14ஆம் நம்பர் தூண்டிலில உடம்பு பீப்பா மாதிரி வரும். கொயிலுக்கு மேல பூசின வார்னிஷைச் சுரண்ட வேண்டாம், அந்தச் செம்பு நிறம்தான் வேணும்.

கம்பியைத் தண்டு முழுக்க ஒரு படை சுற்றுங்க. முன்பக்க மூண்டில ஒரு பங்கில இன்னும் ரெண்டு மூண்டு படை சுற்றி ஒரு திமில் எழுப்புங்க. கம்பியை வால்பக்கம் கொண்டு வந்து 4 இழையை நுனிப்பக்கமாக் கட்டுங்க, 3 மில்லிமீட்டர் நுனி வாலா வெளியில நிக்கட்டும். பிறகு இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி ஒரே கயிறா முன்னுக்குச் சுற்றுங்க. இழையைத் தனியச் சுற்றிப்போட்டுக் கம்பியை மேலால போட்டாலும் பார்வைக்குச் சரிதான், ஆனா மீனின்ட பல் ரெண்டு தரம் பட்டதும் இழை அறும். முறுக்கினா கம்பி இழையைக் காக்கும். திமிலுக்கு முன்னால வந்ததும் இழையைக் கம்பியிலயிருந்து பிரிச்சு, கம்பியைத் திமிலுக்குப் பின்னால கொண்டுபோய், இழையைத் திமிலுக்கு மேலால பின்னுக்கு மடிச்சுக் கட்டி, திரும்ப முன்னுக்கு மடிச்சுக் கட்டுங்க. அதுதான் செட்டை முளைக்கிற மேடு. கண்ணுக்குப் பின்னால நாலு சுற்று, ரெண்டு அரை முடிச்சு, அவ்வளவுதான்.

கம்பியைக் கத்தரிக்கோலின்ட நுனியால வெட்டாதீங்க, வாய் போயிடும். அடிப்பக்கத்தால வெட்டுங்க, இல்லாட்டிப் பழைய கத்தரி ஒண்டு வைச்சுக்கொள்ளுங்க. இறுக்கம் மிஞ்சினா கம்பி சொல்லாமல் அறும். நூலுக்கு இருக்கிற இழுவை கம்பிக்கு இல்ல.

இன்னொரு வசதி: இந்த நிம்ஃபைச் சோதிக்க நுவரெலியா போகத் தேவையில்ல. உன்னிச்சைக் குளத்திலயோ நவகிரிக் குளத்திலயோ திலாப்பியாவுக்கு மெல்ல இழுத்துப் பாருங்க.

---

வாவிக்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. பஞ்சை அமத்திப் பார்த்தன், தாழ்ந்து போச்சு. பருத்திதான் போல. அமிழுற காரணம் விளங்குது.

நானா, கழுத்திறகு கழருறதைப் பற்றிச் சொல்லல்லையே? இறகு பிழை எண்டீங்க, என்ன பிழை? பிறகு ஈசல், பறக்கிற எறும்பு மாதிரி ஒண்டு கட்டுறதெண்டா எப்படி? மழை விட்ட அந்தியில ஈசல் கிளம்பினா இங்க குளத்து மீனே மேல வருதே.

---

தாராச்சிறகு (களுவாஞ்சிகுடி):

நானா வரும்வரைக்கும் இறகை நான் சொல்றன்.

கோழிக்கடை இறகு உதவாது. இறைச்சிக் கோழியை ஆறு கிழமைக்குள்ள வெட்டிப்போடுவாங்க. கழுத்திறகு முத்தி, பளபளப்பு ஏறி, இழை விறைக்கிறதுக்கு அந்த வயது காணாது. வேண்டியது ஒரு வருசம் கடந்த ஊர்ச்சேவல். இறகை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க. நடுத்தண்டை ஒட்டி மங்கலா, பஞ்சு படிஞ்ச மாதிரி ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை தண்ணி குடிக்கும். நல்ல இறகில அது அடியில மட்டும் நிக்கும். பேட்டு இறகிலயும் குஞ்சு இறகிலயும் நுனி வரை ஓடும். அது தண்ணிக்கடியில போற ஃப்ளைக்கு நல்லம், மிதக்கிறதுக்கு இல்ல.

அளவு: இறகைத் தூண்டிலின்ட தண்டைச் சுற்றி வளைச்சுப் பிடியுங்க, இழை விரிஞ்சு நிக்கும். இழையின்ட நீளம் தூண்டில் வாயின்ட (தண்டுக்கும் கூர்முனைக்கும் நடுவில உள்ள இடைவெளி) அகலத்தைப் போல ஒண்டரை மடங்கு இருக்கணும். 14ஆம் நம்பருக்கு வாய் சுமார் 5 மில்லிமீட்டர், இழை 7 அல்லது 8. ஊர்ச்சேவலின்ட கழுத்தில அவ்வளவு சின்ன இறகு கொண்டைக்குக் கிட்ட, பின்னந்தலையில மட்டும்தான் கிடைக்கும், அதிலயும் தண்டு கட்டை. அதால கொஞ்சம் பெரிசான 12ஆம் நம்பர் தூண்டிலுக்கு மாறுங்க. நீண்ட இழையை வெட்டிச் சரிக்கட்ட நினைக்காதீங்க. வெட்டின மொட்டை முனை தண்ணித் தோலைக் குத்தி இறங்கும், கூர் நுனிதான் மேல நிக்கும்.

கழருறதுக்குக் காரணம் தண்டு உருண்டை, வழுக்கும். அடியில இருக்கிற பஞ்சு இழையை உரிச்சு 3 மில்லிமீட்டர் வெறுந்தண்டு எடுங்க. அந்தத் தண்டைக் குறட்டால மெல்ல நசுக்கித் தட்டையாக்குங்க. தூண்டிலில நூல் சுற்றின இடத்துக்கு மேல வைச்சு, வெறும் உலோகத்தில இல்ல, ஐந்தாறு சுற்று இறுக்கமாப் போடுங்க. வைஸ் பக்கம் தொங்குற நூலை மேலயிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுழற்றி விட்டா, வலக்கைக்காரருக்கு நூல் முறுக்கவிழ்ந்து தட்டையாகும். தட்டை நூல் தண்டை அகலமாப் பிடிக்கும், தலையும் சின்னதா வரும்.

தண்டைக் கட்டின இடத்துக்கும் முதல் இழைக்கும் நடுவில அரைச் சுற்று அளவு வெறுந்தண்டு நிக்கட்டும். இல்லாட்டி முதல் சுற்றில இழை நாலாபக்கமும் பிய்ஞ்சுகொண்டு நிக்கும். பளபளப்பான பக்கம் கண்ணைப் பார்க்க, ஒட்டி ஒட்டி ஐந்து ஆறு சுற்று. நுனியை நூலால மூண்டு சுற்றுப் பிடிச்சுட்டு வெட்டுங்க. வெட்டுற நேரம் நூலையும் சேர்த்து வெட்டினா எல்லாம் முதல்ல இருந்து.

சரியா வந்ததா எண்டு பார்க்கத் தண்ணி தேவையில்ல. மேசைக் கண்ணாடியில ஒரு சாண் உயரத்தில இருந்து போடுங்க. கழுத்திறகின்ட நுனியிலயும் வால் நுனியிலயும் நிக்கணும், தூண்டிலின்ட வளைவு கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். மூக்குக் குத்தினா வால் நீளம் கூட. பின்பக்கம் குந்தினா வால் கட்டை, அல்லது இழை மெத்தை. எப்பவும் ஒரே பக்கம் விழுந்தா வால் இழை தண்டின்ட அந்தப் பக்கம் நழுவிப் போயிருக்கு.

கழுத்திறகோட மல்லுக்கட்ட மனமில்லையெண்டா தாராவை (வாத்து) பிடியுங்க. வாலின்ட அடியில முதுகுப்பக்கம் எண்ணெய்ச் சுரப்பி ஒண்டு இருக்கு, அதைச் சுற்றிக் கொஞ்சம் மென்சிறகு. ரெண்டு சிறகை நுனி பின்னுக்குப் பார்க்கத் தண்டில கட்டி, வளைவு அளவுக்கு விரலால கிள்ளி விட்டா மிதக்கும். கத்தரியால வெட்டாதீங்க, கிள்ளுங்க. அந்தச் சிறகின்ட நுண்ணிழைக்குள்ள காற்று அடைபட்டுத்தான் மிதப்பு. அதுக்கு மேல வாசலின் பூசினா இழையெல்லாம் ஒட்டிப்போய் காற்றுப் பிடிக்காது. சேவல் இறகுக்கு வாசலின் சரி, தாராச்சிறகுக்கு வேண்டாம்.

நிறம் போடுறதெண்டா வெள்ளை இறகைச் சவர்க்காரத் தண்ணியில கழுவி எண்ணெய் எடுத்துட்டு, கடுஞ்சாயத்தில ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, கொதிக்க விடாமல் சூட்டில வையுங்க. நுவரெலியா மீனுக்கு நுவரெலியாத் தேயிலை. எண்ணெய் போகாட்டி நிறம் திட்டுத் திட்டாப் பிடிக்கும்.

---

இங்கினியாகலை வழி:

ஈசல் கேட்டவருக்கு.

ஈசலையும் பறக்கும் எறும்பையும் ஒரே மாதிரி கட்டாதீர்கள். எறும்புக்கு இடை நூல் போல ஒடுங்கும். ஈசலுக்கு இடை இல்லை, உடம்பு ஒரே சீராகப் போகும். எறும்பின் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே அளவு, உடம்பைவிட நீளம், இருக்கும்போது முதுகின் மேல் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். மீனுக்கு அடியிலிருந்து முதலில் தெரிவது உடம்பின் நிழல். ஆகவே இடையைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

புத்தகக் கடையில் மாணவர் கைவேலைக்கு விற்கும் 2 மில்லிமீட்டர் ஃபோம் தாள் வாங்குங்கள், மண்ணிறம். 12ஆம் நம்பர் தூண்டிலுக்குத் தூண்டில் வாயின் அகலம் கொண்ட கீலமாக வெட்டுங்கள். தண்டில் நூலை இடைவெளி விட்டு முன்னும் பின்னும் குறுக்காகச் சுற்றி, சொட்டு சூப்பர் குளு வைத்து, உடனே கீலத்தை மேலே வைத்துக் கட்டுங்கள். வழுவழுப்பான தண்டில் குளு இல்லாமல் கட்டினால் இரண்டு எறிதலில் ஃபோம் சுழன்று தூண்டில் வாய்க்குள் வந்து அடைக்கும். பிறகு மீன் கடித்தும் முள் ஏறாது.

முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு மூன்றாவதில் இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் மெல்லிய நூல் ஃபோமைக் கத்தி போல வெட்டும். இந்த ஒரு வேலைக்கு உங்கள் தையல் நூல் நல்லது, எறிந்துவிட வேண்டாம். ஈசலுக்கு நான்கைந்து இடத்தில் இலேசாகக் கட்டி வளையம் காட்டலாம். எறும்பென்றால் கறுப்பு ஃபோம், நடுவில் ஒரே இடத்தில் நன்றாக இறுக்கி, அந்த இடையில் மட்டும் கழுத்திறகு இரண்டு சுற்று.

சிறகுக்குப் பொலித்தீன் வெட்டி வைக்க வேண்டாம். எறியும்போது காற்றாடி போலச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அரிசிப் பையின் நார் கிடைக்காத வீடு அம்பாறையில் இல்லை. அது பொலிப்ரொப்பிலீன், அடர்த்தி 0.9 அளவில், தண்ணீரைவிட இலேசு. நைலோன் 1.1க்கு மேல், தாழும். நாரை ஊசியால் கீறிக் கீறி மயிர்போல் பிரித்து, சிறு கற்றையாக முதுகில் கட்டி, தூண்டில் வளைவுக்கு 3 மில்லிமீட்டர் அப்பால் வெட்டிவிடுங்கள். முழு நீளம் விட்டால் மீன் சிறகைத்தான் கவ்வும்.

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் தூண்டிலோடு போகவேண்டாம். 1988இலிருந்து அது தேசியப் பூங்கா.

---

கைத்தறி (மருதமுனை):

தாராச்சிறகு சொன்னதுக்கு மேல சேர்க்க ஒண்டுமில்ல, நான் சொல்ல மறந்த முடிச்சைத் தவிர. வெறும் அரை முடிச்சு ரெண்டு போட்டா மிதக்கும் ஃப்ளையில நிக்காது. நூலைத் தன்னுக்கு மேலயே நாலைஞ்சு சுற்றுச் சுற்றி அடியால இழுக்கிற முடிச்சுப் போடணும். பழகும்வரை காது துடைக்கிற பஞ்சுக் குச்சியின்ட வெற்றுக் குழாய்த் துண்டு ஒண்டை நரம்பு மாதிரிக் கண்ணில மாட்டி, அதால வளையத்தைத் தலைக்குத் தள்ளி விடலாம். பிறகு நிறமில்லாத நெய்ல் பொலிஷ், போத்தல் தூரிகையால இல்ல, ஊசி முனையால ஒரு துளி. துளி காயுறதுக்கு முதல் ஒரு இறகுத் தண்டைக் கண்ணுக்குள்ளால விட்டு எடுங்க, அடைபடாது. இந்தச் சூட்டில பொலிஷ் கெதியா இறுகும். தடிச்சதைப் பூசினா உள்ளுக்கு இறங்காமல் மேல தொப்பி மாதிரி நிண்டு உரிஞ்சிடும்.

நரம்பு: தூண்டில் நம்பரை மூண்டால பிரியுங்க, 14க்கு 5எக்ஸ் (நரம்புத் தடிப்பைக் காட்டுற குறி) வரும், 0.15 மில்லிமீட்டர். 12க்கு 4எக்ஸ், 0.18. வாவியில பாவிக்கிற 0.30 நரம்பில கட்டினா எவ்வளவு வடிவா ஃப்ளை கட்டினாலும் விறைச்சுக்கொண்டு நிக்கும், தண்ணி ஓட்டத்தோட போகாது.

பெட்டியை வாவிக்கரை வீட்டில திறந்து வைக்காதீங்க. உப்புக்காற்றுக்கு மெல்லிய தூண்டில் ஒரு மழைக்காலத்தில துருவேறும். வறுத்து ஆறவிட்ட அரிசி ஒரு கைபிடியைத் துணியில முடிஞ்சு உள்ளுக்குப் போடுங்க. இறகைத் தனியப் பொலித்தீன் பையில இறுக்கி மூண்டு நாள் ஃப்ரீசரில வைச்சிட்டு, பிறகு பூச்சி உருண்டையோட வையுங்க. ஊர்ச்சேவல் இறகில பேன் முட்டை இல்லாமல் இரிக்காது.

---

வாவிக்கரை:

12ஆம் நம்பரில், எம்பிராய்டரி நூலால ஆறு கட்டினன். உடம்பு 5 மில்லிமீட்டரில நிப்பாட்டினன். கண் மூடல்ல, இறகும் கழரல்ல. கண்ணாடியில போட்டா நாலு நிக்குது, ரெண்டு வலப்பக்கம் விழுது.

---

தாராச்சிறகு (களுவாஞ்சிகுடி):

அந்த ரெண்டையும் வால்பக்கத்தால கண்ணுக்கு நேர பிடிச்சுப் பாருங்க. வால் இழை வலப்பக்கம் இறங்கிக் கிடந்தா, ஈர விரலால மேல தூக்கி இடப்பக்கம் வளைச்சு விடுங்க, அதுக்கும் நிக்காட்டி அவிழ்த்துத் தூண்டிலை எடுத்துக்கொள்ளுங்க. வால் நேரா இருந்தா இழையின்ட அடிப்பக்கம் ஒரு இடத்தில நசுங்கியிருக்கும். கேத்தில் ஆவியில அஞ்சு செக்கன் காட்டினா இழை நிமிரும். விரலைச் சுடாமல் குறட்டால பிடிச்சுக் காட்டுங்க.